குறி உக்ரைனுக்கு, அடி உலகத்துக்கு

[திரையில்: 2017 ஜூன் 27]

வணக்கம். அன்று உக்ரைனில் வங்கி, அமைச்சகம், விமான நிலையம் என ஒன்றன்பின் ஒன்றாகக் கணினிகள் முடங்கின. பணம் கட்டினால் கோப்புகள் திரும்பக் கிடைக்கும் என்றது திரை. பொய். பணம் கட்டினாலும் மீட்க முடியாதபடி, அழிப்பதற்கென்றே எழுதிய நிரல் அது. பெயர் நாட்பெட்யா.

அது உள்ளே வந்த வழிதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. உக்ரைன் நிறுவனங்கள் வரிக்கணக்குக்காகப் பரவலாகப் பயன்படுத்திய மென்பொருள் எம்.ஈ.டாக். அதன் சர்வருக்குள் புகுந்து, அப்டேட்டோடு சேர்த்தே இதை அனுப்பிவிட்டார்கள். அப்டேட் செய்தவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை.

[திரையில்: நெட்வொர்க்கில் பரவும் விதம்]

நுழைந்த பிறகு பரவியதற்கு முக்கியக் காரணம் எடர்னல்புளூ. விண்டோஸில் இருந்த ஓட்டையை வைத்து அமெரிக்க உளவு அமைப்பான தேசியப் பாதுகாப்பு முகமை உருவாக்கிய கருவி. அந்த ஏப்ரலில்தான் இணையத்தில் கசிந்திருந்தது. மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே ஓட்டையை அடைத்துவிட்டதே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் நாட்பெட்யா கணினியின் நினைவகத்திலிருந்து பாஸ்வேர்டுகளையும் திருடியது. அவற்றைக் கொண்டு, ஓட்டை அடைத்த கணினிகளுக்குள்ளும் போனது.

டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்துக்கு ரஷ்யா-உக்ரைன் சண்டையில் எந்தப் பங்கும் இல்லை. இருந்தும் பத்தே நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது. கானாவில் மின்வெட்டால் அணைந்து கிடந்த ஒரு சர்வர் தப்பியது அதற்குப் பெரிதும் கைகொடுத்தது. உலகளவில் சேதம் 1,000 கோடி டாலருக்கு மேல் என்பது வெள்ளை மாளிகையின் மதிப்பீடு.

2018 பிப்ரவரியில் பிரிட்டனும் அமெரிக்காவும் ரஷ்ய ராணுவத்தைக் கைகாட்டின, ரஷ்யா மறுத்தது. 2020 அக்டோபரில் ரஷ்ய ராணுவ உளவு அமைப்பான ஜி.ஆர்.யு.வின் அதிகாரிகள் ஆறு பேர் மீது அமெரிக்கா குற்றம் சாட்டியது. ஆனால் சொந்தக் குடிமக்களை வேறு நாட்டிடம் ஒப்படைக்க ரஷ்ய அரசியலமைப்பில் இடமில்லை.

அப்புறம், சர்வதேச விதிகளே இல்லையா? இருக்கின்றன. ரஷ்யா, அமெரிக்கா, சீனா உட்பட 20 நாடுகள் இருந்த ஐ.நா. நிபுணர் குழு, அடுத்த நாட்டின் அத்தியாவசியக் கட்டமைப்பைச் சைபர் வழியில் சிதைக்கக் கூடாது என்று 2015இலேயே ஒப்புக்கொண்டது. மென்பொருள் ஓட்டைகளைப் பொறுப்போடு தெரிவிப்பதை ஊக்குவிக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. இரண்டுமே கட்டாயமில்லாத விதிகள். உளவுக்காக ஓட்டைகளைச் சேர்த்து வைக்கும் எல்லா அரசுகளுக்கும், அமெரிக்கா உட்பட, இரண்டாவதை முதலில் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து.