சாம்பியன் ஹில்: முற்றுகைக்கு முன்பே விழுந்த விக்ஸ்பர்க்

[திரை: மிசிசிப்பி ஆற்று வளைவு, மேட்டின் மேல் விக்ஸ்பர்க்]

வடக்கு மாநிலங்களும் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களும் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போரில், தெற்கின் கையிலிருந்த விக்ஸ்பர்க் என்றாலே 47 நாள் முற்றுகையைத்தான் பேசுவார்கள். ஊர் மக்கள் குகை வெட்டிக் குடியிருந்தது, கோவேறு கழுதைக் கறி சாப்பிட்டது என்று கதைகள் ஏராளம். என்னைக் கேட்டால், அந்த ஊரின் தலைவிதி முடிவானது அதற்கு முன்பே. கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி, சாம்பியன் குடும்பத்தின் தோட்டத்தில். 1863 மே 16 அன்று.

[திரை: அம்புக்குறிகளுடன் வரைபடம்]

ஏப்ரல் 30 அன்று வடக்குத் தளபதி கிராண்ட், விக்ஸ்பர்க்குக்குத் தெற்கே ஆற்றைக் கடந்தார். நேராக ஊர்மேல் பாயாமல் உள்நாட்டுப் பக்கம் நடந்தார். போர்ட் கிப்சன், ரேமண்ட், அப்புறம் மிசிசிப்பி மாநிலத் தலைநகர் ஜாக்சன். இரண்டே வாரத்தில் மூன்று வெற்றி.

எதிரே, விக்ஸ்பர்க்கைக் காத்து நின்ற தெற்குத் தளபதி பெம்பர்டன். பென்சில்வேனியாவில் பிறந்து தெற்குக்காகப் போரிட்ட மனிதர். அவருக்கு எஜமானர்கள் இரண்டு பேர். விக்ஸ்பர்க்கை விடாதே என்றார் தெற்கின் அதிபர் டேவிஸ். வெளியே வந்து கிராண்டைப் பின்னாலிருந்து தாக்கு என்றார் மேலதிகாரி ஜான்ஸ்டன்.

ஜான்ஸ்டனின் கட்டளை மூன்று பிரதிகளாக, மூன்று ஆட்களிடம் போனது. அதில் ஒருவன் வடக்கின் ஒற்றன்! தெற்குக்கு ஆதரவாகப் பேசினான் என்று மெம்ஃபிஸில் அவனை ஊரறிய விரட்டி, முன்பே நாடகமாடி வைத்திருந்தார்கள். கடிதம் கிராண்டின் கைக்கு வந்துவிட்டது.

பெம்பர்டனோ இரண்டு பேர் சொன்னதையும் விட்டுவிட்டு, கிராண்டின் சரக்குப் பாதையை அறுக்கலாம் என்று தென்கிழக்கே கிளம்பினார். வழியில் பேக்கர்ஸ் ஓடையில் வெள்ளம், பாலம் இல்லை. சுற்றிப் போனதில் ஒரு நாள் வீண். 16ஆம் தேதி காலை ஜான்ஸ்டனிடமிருந்து இன்னொரு கடிதம். சரி என்று படையைத் திருப்பச் சொன்னார். அதாவது வண்டிகள் முன்னால், வீரர்கள் பின்னால் என்று வரிசையே தலைகீழாகிக்கொண்டிருந்த நேரத்தில் எதிரி வந்து நின்றான்.

[திரை: மேடு, மூன்று சாலைகள்]

சாம்பியன் ஹில், அதாவது சாம்பியன் மலை என்று பெயரே தவிர, அது காடு மண்டிய ஒரு மேடு. ஆனால் அதன் மேலிருந்து பார்த்தால் சாலைச் சந்திப்பு கைக்கு அடக்கம். வடக்குப் படையில் சுமார் 32,000 பேர், தெற்குப் படையில் 22,000 சொச்சம்.

வடக்குத் தளபதி ஹோவியின் படை மதியம் மேட்டைப் பிடித்தது. இரண்டரை மணி வாக்கில் தெற்குத் தளபதி போவனின் மிசௌரி, ஆர்க்கன்சா வீரர்கள் மோதிய வேகத்தில் மேடு மறுபடி கைமாறியது. கிராண்டின் தலைமையிடம் வரை கிட்டத்தட்ட வந்துவிட்டார்கள். அங்கே அவர்களுக்குத் தோட்டா தீர்ந்தது. வடக்குக்குக் குரோக்கரின் புதுப் படை வந்து சேர்ந்தது. மேடு மூன்றாவது முறை கைமாறியது. பிற்பாடு ஹோவி அதை மரண மேடு என்றே குறிப்பிட்டார்.

போவனுக்கு ஏன் துணை வரவில்லை? மேட்டுக்குத் தெற்கே நின்ற பெம்பர்டனின் துணைத் தளபதி லோரிங், பெம்பர்டன் ஆள்மேல் ஆள் அனுப்பியும் அசையவில்லை. என் முன்னால் எதிரி நிற்கிறான் என்றார். பொய்யில்லை, வடக்குத் தளபதி மெக்லெர்னண்ட் நின்றார். வேடிக்கை என்னவென்றால் அவரும் அசையவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே பொழுதைக் கழித்தார்கள்.

கிராண்டும் ஒரு தவறு செய்தார். ஹோவிக்கு உதவ, தன் இன்னொரு தளபதி லோகனின் ஒரு படையை இழுத்தபோது, தெற்குப் படை பின்வாங்கும் சாலை திறந்துகொண்டது. அந்தப் படை சாலையை அடைத்து நின்றதே அவருக்குத் தெரியாது.

[திரை: மாலை, பேக்கர்ஸ் ஓடை]

தெற்குக்குச் சுமார் 3,800 பேர் இழப்பு, வடக்குக்கு 2,400க்கு மேல். பின்வாங்கலைக் காத்து நின்ற தெற்குத் தளபதி டில்மன் குண்டு பட்டு இறந்தார். மறுநாள் பிக் பிளாக் ஆற்றில் இன்னொரு அடி. பெம்பர்டன் விக்ஸ்பர்க்குக்குள் போய் அடைந்துகொண்டார், முற்றுகை தொடங்கியது. ஜூலை 4 அன்று சுமார் 29,000 பேரோடு சரணடைந்தார்.

லோரிங்கின் படை அதில் இல்லை. ஓடையைக் கடக்க முடியாமல், பீரங்கிகளை அங்கேயே விட்டுவிட்டு, இரவோடு இரவாக வேறு திசையில் நடந்து ஜான்ஸ்டனிடம் போய்ச் சேர்ந்திருந்தது.