பைபாஸ் அறுவைச் சிகிச்சைக்கு இரத்தம் ஏற்றியே ஆக வேண்டுமா? – நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

நேயர் ஒருவர், தம் தாயாருக்குப் பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்யவிருப்பதாகவும், ஹீமோகுளோபின் 9.6தான் இருப்பதாகவும், இரத்த தானத்துக்கு நான்கு பேரைத் தயாராக வைத்திருக்கும்படி மருத்துவமனையில் சொல்லியிருப்பதாகவும் எழுதி, இரத்தம் ஏற்றாமலே செய்ய முடியாதா என்று கேட்டிருக்கிறார்.

நான்கு பேரைக் கேட்டு வைப்பது முன்னெச்சரிக்கைதான்; நான்கு யூனிட்டும் ஏறியே தீரும் என்று பொருளில்லை. ஆனால், இரத்தம் தேவைப்படுவதற்குக் கத்தி பட்டு வழிவது மட்டுமே காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். அறுவையின்போது இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் செய்யும் இதய-நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களில் காற்று இருக்கக் கூடாது என்பதற்காக, ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை கரைசலை முன்கூட்டியே நிரப்பி வைத்திருப்போம். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அது நோயாளியின் இரத்தத்தோடு கலந்துவிடும். 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்மணியின் உடலில் ஏறத்தாழ 3.25 லிட்டர் இரத்தம் இருக்கும். அதில் 1.25 லிட்டர் கரைசல் சேர்ந்தால், ஒரு சொட்டு இரத்தம் வீணாகாதபோதும், 9.6 ஆக இருந்த ஹீமோகுளோபின் 7க்கு இறங்கிவிடும். அவரே 13உடன் வந்திருந்தால் 9.4இல் நின்றிருக்கும்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு 2017இல் வெளியான, ஏறத்தாழ 5,000 நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வைச் சொல்லலாம். 9.5க்குக் கீழே வந்ததுமே இரத்தம் ஏற்றுவதைவிட, 7.5க்குக் கீழே இறங்கும்வரை பொறுத்திருப்பது பாதுகாப்பில் குறைந்ததன்று என்று அது காட்டியது; அந்தக் கணக்கில் 7 என்பது இரத்தம் ஏற்ற வேண்டிய நிலை, 9.4 என்பது பொறுத்திருக்கக்கூடிய நிலை. அப்படிப் பொறுத்திருந்த நோயாளிகளுள்ளும் பாதிப் பேருக்கு இரத்தம் தேவைப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அறுவை அரங்கில் நாங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. இயந்திரத்தை ஓடவிடும் முன்பே, நோயாளியின் இரத்தத்தைக் குழாய்க்குள் மெல்லப் பின்னோக்கி வரவிட்டு, அங்கிருக்கும் கரைசலை ஒரு பைக்குள் வெளியேற்றுவோம். நிறமற்ற குழாய் அங்குலம் அங்குலமாகச் சிவந்து வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சிந்திய இரத்தத்தை உறிஞ்சி, கழுவி, சிவப்பணுக்களைத் திரும்பச் செலுத்தும் இயந்திரமும் இருக்கிறது. மாதவிடாய்ப் போக்கு மிகுந்தவர்களுக்குக் கொடுக்கும் அதே டிரானெக்சாமிக் அமிலம் இங்கும் கசிவைக் குறைக்கிறது. இதயத் துடிப்பை நிறுத்தாமல், இயந்திரமே இன்றிச் செய்யும் முறையும் சிலருக்குப் பொருந்தும்.

இருந்தாலும், உங்கள் தாயாரைப் பொறுத்தவரை, அறுவைக்கு முந்தைய வாரங்களே முக்கியமானவை என்பது என் கருத்து. உடலில் சேமிப்பில் உள்ள இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்து, இரும்புச்சத்துக் குறைவு என்று தெரிந்தால், மாத்திரைக்குக் காத்திராமல் இரத்தக் குழாய் வழியாகவே இரும்புச்சத்தைச் செலுத்தலாம். மலம் கறுத்துப் போகிறதா என்றும் கேளுங்கள்; ஆஸ்பிரின் சாப்பிடுபவர்களுக்கு வயிற்றுக்குள் சத்தமில்லாமல் இரத்தம் கசிவதுண்டு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரையை வழக்கமாக ஐந்து நாள் முன்பே நிறுத்தச் சொல்வோம். ஆனால், அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், குறிப்பாக ஸ்டென்ட் வைத்திருந்தால். ஓய்வாக இருக்கும்போதும் நெஞ்சுவலி வருகிறதென்றால் காத்திருக்க நேரமில்லை. அப்போது அந்த நான்கு பேரும் தயாராக இருக்கட்டும்.