மடையன் என்றால் யார்?

(எங்கள் ஊர்ப் பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை வகிக்கும் அம்பலக்காரர் ஐயா அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, மேலூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் தமிழாசிரியர் ஐயா அவர்களே, வேண்டாம் என்றும் கேளாமல் பொன்னாடை போர்த்திய இளைஞர் மன்றத் தம்பிகளே, திண்ணையில் இருந்தபடியே காது கொடுக்கும் தாய்மார்களே, வணக்கம்.

மூன்று விஷயம் பேச வந்தேன்: கல்வெட்டு, கழுகு, கண்மாய்.

பக்கத்து அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அங்குள்ள கழிஞ்சமலைக் குகையில் 2,000 ஆண்டு தாண்டிய, தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. நெல்வேலிக்காரர் ஒருவர் குகையைக் கொடுத்த செய்தி. ஊர்ப் பெயரிலேயே நெல்! குடைவரைக் கோயிலில், சிவன் வடிவமான லகுலீசரின் அபூர்வச் சிற்பம். அங்கே டங்ஸ்டன் சுரங்கம் என்றதும் கட்சி பார்க்காமல் ரோட்டுக்கு வந்தோம். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. கை தட்டலாம், தப்பில்லை. மலையைக் காத்துவிட்டோம்; அதில் பெய்யும் மழை எங்கே போகிறது?

'ஏரி நிறைந்தால் கரை கசியும்' என்பார்கள். வடக்கே ஏரி, நமக்குக் கண்மாய்.

நான் அரைக்கால் சட்டை போட்ட காலம். அடைமழை, கண்மாய் தளும்புகிறது. ஜீப்பில் வந்த அதிகாரி ஒருவர் சேற்றில் மாட்டிக்கொண்டார். ஜீப்பை மூன்று தரம் தள்ளினோம். மூன்று தரமும் எங்கள் மேல்தான் சேறு. அந்த எரிச்சலில், கரையில் நின்ற நீர்பாய்ச்சித் தாத்தாவைப் பார்த்து, "மடையா! மடையைத் திறந்தால் என்ன?" என்று கத்தினார். தாத்தா தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். "ஆமாங்கய்யா, நான் மடையன். எங்கப்பனும் மடையன். முங்கி மடை திறக்கிறவன் மடையன்தானே? ஐயா யாருங்க?" என்றார். குதித்தார். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. மடை திறந்து, தாத்தா தலை வெளியே வந்த பிறகுதான் அதிகாரிக்குப் பேச்சு வந்தது: "பெரியவரே, ஒரு டீ சாப்பிடலாமா?"

இன்று மடை இருக்கிறது. முங்குவதற்குத் தண்ணீர்? கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் முழுக்கச் சீமைக் கருவேலம். கரை கசிந்தால்தானே நம் கிணறு ஊறும்? அதற்கு ஏரி நிறைய வேண்டாமா? ஊரே கூடிக் கண்மாயைச் செப்பனிடுவதைக் குடிமராமத்து என்று முன்னோர் செய்தார்களே, அதற்கு எந்த டெண்டரும் கிடையாது.

கழுகு பாக்கி இருக்கிறது. தலைவர் அம்மா கடிகாரத்தைக் காட்டுகிறார். வருகிற ஞாயிறு காலை 6 மணி, வரத்துக்கால் முகப்பு. வீட்டுக்கு ஒரு ஆள், மண்வெட்டி அல்லது அரிவாள். முள் குத்தும், செருப்போடு வாருங்கள். நன்றி, வணக்கம்.