மூன்றாம் நாளோடு நின்ற குளிசை

நேயர்களுக்கு வணக்கம்.

என் அம்மம்மா யாழ்ப்பாணத்தில் பிறந்து வன்னிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். மாங்குளம் தாண்டினால், மலேரியா வரும் என்று தண்ணீர் குடிக்கவே பயம் என்பார். குற்றம் தண்ணீரில் இல்லை, நுளம்பில் என்று நான் சொன்னதை அவர் கடைசிவரை முழுதாக நம்பவில்லை. அதே வன்னியில் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் குந்தி, மலேரியாவுக்கு இரத்தம் பார்க்கிற வேலையில் என் காலம் போனது. 1999இல் நாடு முழுவதும் இரண்டரை இலட்சம் பேருக்கு மேல் மலேரியா. பெரும் பங்கு வடக்குக்கும் கிழக்குக்கும்தான். அந்த நாட்களில் மேசையில் கண்ணாடித் தகடுகள் அடுக்கடுக்காகக் காத்துக் கிடக்கும்.

விரல் நுனியில் குத்தி எடுத்த துளியைத் தகட்டில் தடிப்பாக ஒரு பூச்சு, மெல்லிதாக ஒரு பூச்சு. சாயம் ஊற்றிக் கழுவிக் காயவிட்டு, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்த்தால், செங்குழியத்துக்குள்ளே மலேரியாக் கிருமி கல் வைத்த மோதிரம்போலத் தெரியும். நீல வளையம், ஓரத்தில் சிவப்புக் கல். குழியம் ஊதி, மேலே சிவப்புப் பொட்டுகள் தூவினதுபோல இருந்தால் அது வைவாக்ஸ் என்கிற வகை. குழியம் பெருக்காமல் ஒன்றுக்குள் இரண்டு மூன்று மோதிரம் கிடந்தால், அல்லது பிறைநிலா வடிவில் ஏதும் தென்பட்டால், அது பல்சிப்பாரம் என்கிற மற்ற வகை. ஆளைக் கொல்லுவது கூடுதலாகப் பல்சிப்பாரம். ஆனால் எங்களை அதிகம் அலைக்கழித்தது வைவாக்ஸ்தான். ஏன் என்று சொல்கிறேன்.

ஒட்டுசுட்டான் பக்கத்து விவசாயி ஒருவர், வயல்காவல் கொட்டிலில் படுத்து எழும்பினவர், நடுக்கத்தோடு வந்தார். வைவாக்ஸ். குளோரோகுவின் மூன்று நாள், அதோடு பிறிமாகுவின் என்கிற இன்னொரு குளிசை. மூன்றாம் நாள் காய்ச்சல் போய்விட்டது, அவரும் குளிசையை விட்டுவிட்டார். நாலு மாதம் கழித்து அதே நடுக்கத்தோடு திரும்பவும் வந்து நின்றார். கேட்டதற்கு, "தம்பி, காய்ச்சல்தான் விட்டிட்டுதே, பிறகேன் குளிசை? வயித்தைப் பிரட்டுது" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். நுளம்பு கடித்து அரை மணித்தியாலம் அளவில் கிருமி ஈரலுக்குப் போய்விடுகிறது. ஒரு கிழமை அங்கே சத்தமில்லாமல் ஆயிரக்கணக்கில் பெருகி, பிறகு இரத்தத்துக்குள் இறங்கும். செங்குழியத்துக்குள் புகுந்து 48 மணித்தியாலத்தில் அதை வெடிக்கச் செய்து வெளியே வரும். அந்த வெடிப்புத்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற குளிரும் நடுக்கமும். குளோரோகுவின் இந்த இரத்தக் கட்டத்தைத்தான் அடிக்கிறது. வைவாக்ஸோ தன் பிள்ளைகளில் சிலதை இரத்தத்துக்கு அனுப்பாமல் ஈரலிலேயே உறங்க விட்டுவிடுகிறது. வருத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை, இரத்தத்தில் ஒன்றும் தெரியாது. சில கிழமைகளிலோ பல மாதங்கள் கழித்தோ எழும்பி வரும். நெல்லை விதைத்துவிட்டு விதைநெல்லைக் கோர்க்காலியில் எடுத்து வைப்பதுபோல, அடுத்த போகத்துக்கு.

அந்த விதைநெல்லை அழிப்பது பிறிமாகுவின். இன்று 14 நாள் கொடுக்கிறார்கள். எல்லோருக்கும் கொடுக்கவும் முடியாது. சிலருக்குப் பிறப்பிலேயே செங்குழியத்தில் ஒரு நொதியம் குறைவு. அவர்கள் குடித்தால் செங்குழியம் உடைந்து, சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போகும். கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பதில்லை. ஊரில் உள்ள நுளம்பு முழுவதையும் கொன்றாலும் யாரோ ஒருவரின் ஈரலில் கிருமி மிச்சம் இருக்கும். திரும்பி வந்த அந்த ஐயாவுக்குப் புது நுளம்பு கடித்ததா, பழையது எழும்பியதா என்று தகட்டைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் அப்படிப் பார்த்துச் சொல்ல வழியில்லை.

வைவாக்ஸுக்கு இன்னொரு கெட்டித்தனமும் உண்டு. நுளம்புக்குள் போய்ச் சேர வேண்டிய ஆண், பெண் வடிவங்களை அது தொடக்கத்திலேயே இரத்தத்தில் விட்டுவிடும். ஆள் நடுங்கி, கைமருந்து செய்து, தட்டிவான் பிடித்து வைத்தியசாலைக்கு வருவதற்குள் அக்கம்பக்கத்து நுளம்புகளுக்கு விருந்து முடிந்திருக்கும். பல்சிப்பாரம் இதில் மெத்தனம், அதற்குப் பத்து நாளுக்கு மேல் வேண்டும். ஆனால் அது சட்டை மாற்றுவதில் சூரன். குழியத்தின் மேல் ஒட்டுகிற புரதத்துக்கு அதனிடம் சுமார் 60 மரபணுக்கள் இருக்கின்றன. எங்கள் எதிர்ப்புச்சக்தி ஒரு சட்டையை அடையாளம் காணும்போது அது அடுத்ததைப் போட்டுவிடும். உலக சுகாதார நிறுவனம் முதலாவது மலேரியாத் தடுப்பூசியைப் பரிந்துரைத்தது 2021இல்தான். அதுவும் பல்சிப்பாரத்துக்கு.

சரி, இவ்வளவு சூரனை எப்படி மடக்கினோம்? அதன் பலவீனம் நுளம்பிடம் இருக்கிறது. குடித்த இரத்தத்தில் இருந்து கிருமி முதிர்ந்து நுளம்பின் உமிழ்நீருக்கு வந்து சேரப் பத்துப் பன்னிரண்டு நாளாவது வேண்டும். எல்லா நுளம்பையும் கொல்லத் தேவையில்லை, ஆயுளைக் குறைத்தால் போதும். இரத்தம் குடித்த நுளம்பு பாரம் தாங்காமல் சுவரில் குந்தும், அங்கே மருந்து இருக்க வேண்டும். சொல்லச் சுகம்! மருந்தடிக்கிற பெடியள் வந்து போய்ச் சில கிழமையில் பொங்கல் வரும். மண்சுவரை எங்கள் பெண்கள் சாணம் போட்டு மெழுகுவார்கள், மருந்து மெழுக்குக்குள்ளே போய்விடும். நுளம்பு கூடுகிற காலமும் அதுதான். இடம்பெயர்ந்து தறப்பாளுக்குக் கீழே இருந்தவர்களுக்கு மெழுகச் சுவரே இல்லை. அப்போது வலைதான் கதி. அந்த வலையிலும் சிலது தோட்டத்துக்கு வேலியாகப் போனது, அது வேறு கதை.

அவசரப்பட்டுக் கொண்டாடினால் என்ன ஆகும் என்பதும் எங்களுக்குத் தெரியும். டிடிடி என்கிற பூச்சிகொல்லி அடித்து 1963இல் நாடு முழுவதும் வெறும் 17 நோயாளிகள் என்ற நிலைக்கு வந்தார்கள். முடிந்தது என்று கையை விட்டார்கள். 1968, 69இல் ஐந்து இலட்சத்துக்கு மேல். திரும்ப அடிக்கப் போனால் நுளம்பு டிடிடிக்குப் பழகியிருந்தது. 1977 அளவில் மாலத்தியனுக்கு மாற வேண்டியதாயிற்று.

உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது. நுளம்பு எங்கும் போகவில்லை. ஆற்று மணலில் தேங்குகிற தெளிந்த தண்ணீரில் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் இன்றும் முட்டையிடுகிறது. போதாததற்கு, அதே 2016 முடியும்போது மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற புது ஆளைக் கண்டுபிடித்தார்கள். இதற்கு ஆறு குளம் தேவையில்லை, வீட்டுக் கிணறும் தண்ணீர்த் தொட்டியும் போதும். இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய்வந்து காய்ச்சல் என்றால், வைத்தியர் கேட்கும்வரை காத்திராமல் போய்வந்த இடத்தை நீங்களே சொல்லிவிடுங்கள். பழைய ஐயாவைப்போல நாலு மாதம் கழிந்தாலும் சொல்லுங்கள்.

ஓய்வுக்குப் பிறகு ஒருநாள் ஓர் ஆய்வுகூடத்தில் இருந்து கூப்பிட்டார்கள். வெளிநாட்டில் இருந்து வந்த ஒருவரின் தகடு. அங்கே இருந்த இளம் பெடியன் படிக்கும்போது பழைய தகட்டில் பார்த்ததோடு சரி, நோயாளியிடம் இருந்து எடுத்ததில் கண்டதே இல்லை. நான் பார்த்தேன், ஒரு நிமிடம் ஆகவில்லை. ஊதின குழியம், சிவப்புப் பொட்டு, கல் வைத்த மோதிரம். "வந்து பாரும் தம்பி" என்று எழும்பிக் கதிரையைக் கொடுத்தேன். அரை மணித்தியாலம் அவர் அந்தக் கதிரையைத் திருப்பித் தரவில்லை.