பாலியில் மாமா வீடு இல்லை: பண்ருட்டித் தங்கையின் கேள்விக்கு விளக்கம்

எல்லோருக்கும் வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு கேள்வி ஐந்து நாட்களாக என்னை விடவில்லை. வாசலில் கோலம் போடும்போதும் அதே நினைவு, இரவு பாலுக்கு உறை ஊற்றும்போதும் அதே நினைவு.

பண்ருட்டியிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன, இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. கணவரின் நண்பர்கள் இருவர் மனைவியரோடு இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குப் போய் வந்திருக்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்த நாளிலிருந்து, கடன் வாங்கியாவது நாமும் போக வேண்டும் என்கிறாராம் கணவர். தங்கை கேட்கிறார்: "அம்மா, கணவனும் மனைவியும் நம் நாட்டுக்குள்ளேயே எங்காவது போய் வந்தால் அதில் ஏதாவது பயன் இருக்கிறதா? அல்லது கையில் பணமில்லாதவர்கள் சொல்லிக்கொள்ளும் சமாதானம்தானா?"

பயன் இருக்கிறது, தங்கையே. நிறையவே இருக்கிறது. கடன் வாங்கிப் போக வேண்டாம் என்பதை மறுபடியும் விரித்துச் சொல்லப் போவதில்லை. நகைக்கடன் பற்றி முன்பு நான் பேசியதைக் கேட்டவர்களுக்கு என் கருத்து தெரியும். வட்டி கட்டும் இருபத்து நான்கு மாதமும் அந்த ஐந்து நாள் பயணத்தின் மீது மனத்தாங்கலாக ஏறிக்கொண்டே இருக்கும். அதோடு அதை விட்டுவிடுகிறேன்.

ஆனால் உங்கள் கணவர்மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் ஏன் பாலி என்கிறார் என்று யோசித்தேன். அங்கே கடல் இருக்கிறது என்பதற்காகவா? கடல் கடலூரிலேயே இருக்கிறது. கோயில் இருக்கிறது என்பதற்காகவா? பண்ருட்டிக்காரருக்குத் திருவதிகை வீரட்டானேசுவரர் கோயிலைவிடப் பழைய கோயில் எங்கே வேண்டும்? எனக்குத் தோன்றிய பதில் இது. பாலியில் மாமா வீடு இல்லை. சித்தப்பா பெண்ணைக் கட்டிக்கொடுத்த ஊர் இல்லை. "இவ்வளவு தூரம் வந்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வராமல் போய்விட்டீர்களே" என்று கேட்க ஆள் இல்லை. அந்த மனிதர் தேடுவது வெளிநாட்டையே அல்ல என்று நினைக்கிறேன். மனைவியோடு தனியாக இருக்க நான்கு நாள் தேடுகிறார். அதை நேராகக் கேட்க நம் வீடுகளில் வழக்கம் இல்லை; அதனால் விமான டிக்கெட் வழியாகக் கேட்கிறார்.

நம் நாட்டுக்குள் நாம் போகும் பயணம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். கும்பகோணம் என்று முடிவு செய்தவுடன், "நவக்கிரகம் ஒன்பதையும் பார்த்துவிடுங்கள், குழந்தைக்குப் பரிகாரம் பாக்கி இருக்கிறது" என்று ஒருவர் சொல்வார். போகிற வழியில்தானே மாயவரம், பெரியம்மாவைப் பார்க்காமல் எப்படி என்று இன்னொருவர் சொல்வார். அத்தைக்கும் வெகுநாள் ஆசை, வண்டியில் இடம் இருக்கிறதே என்பார்கள். புறப்படும்போது ஏழு பேர். புளியோதரைத் தூக்குவாளி யார் மடியில்? மனைவியின் மடியில். வீட்டில் செய்த வேலையையே இருநூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்ச் செய்துவிட்டு வருவாள். இதற்குப் பெயர் சுற்றுலா என்றால், அதில் பயன் இல்லை என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும்.

என் கதையையே சொல்கிறேன். அஞ்சல் துறையில் வேலை பார்த்தவள் நான். மத்திய அரசு ஊழியர்களுக்கு விடுப்புப் பயணச் சலுகை உண்டு. நான்கு ஆண்டுகள் ஒரு தொகுதி. அதற்குள் ஒருமுறை இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் போகலாம், சொந்த ஊருக்குப் போக வேறு சலுகை உண்டு. எனக்கு வேலையும் கடலூர், சொந்த ஊரும் கடலூர் என்பதால் சொந்த ஊர்க் கணக்கு கிடையாது. எனக்கு 1984இல் திருமணம். அடுத்த பத்தொன்பது ஆண்டுகளில் அந்தச் சலுகையில் நான்கு பயணங்கள் போனோம். காசிக்குப் போனபோது ஒன்பது பேர். மாமியாரின் பெயர் சலுகைப் பட்டியலில் வராது என்பதால் அவருக்கு நாங்களே டிக்கெட் எடுத்தோம். மனமுவந்துதான் செய்தோம், குறையாகச் சொல்லவில்லை. ஆனால் கங்கையில் படகில் போனபோது என் கணவர் முன்னால், நான் பின்னால். நடுவில் மற்றவர்கள். அந்தப் பயணத்தில் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது "மாத்திரை யாரிடம் இருக்கிறது", "சில்லறை இருக்கிறதா" என்ற இரண்டும்தான்.

இந்த இடத்தில் கண்ணகி கோவலனை நினைக்காமல் என்னால் இருக்க முடியாது. சிலப்பதிகாரத்தைப் பற்றி நான் பேசாத மாதம் இல்லை என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. பரவாயில்லை, இன்றும் சொல்கிறேன். அவர்கள் இருவரும் புகாரை விட்டு நடக்கும் பகுதிக்கு 'நாடுகாண் காதை' என்று பெயர். நாடு காண்பது! நாம் இப்போது பேசும் பொருளுக்கு அதைவிட நல்ல பெயர் கிடையாது. கால் நோக நடந்த கண்ணகி, மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். ஊர் எல்லையைத் தாண்டி அறியாதவள். அது முப்பது காதம். அவர்களுக்கு நேர்ந்த முடிவை இங்கே கொண்டுவர வேண்டாம்; அந்த வழிநடையை மட்டும் பாருங்கள். மதுரைக்கு வெளியே ஆயர் குடியிருப்பில், அவள் தன் கையால் சமைத்துப் போட்டுச் சாப்பிட்ட பிறகுதான் கோவலன் வாய் திறக்கிறான். உனக்குச் சிறுமை செய்தேன், எழு என்றதும் எழுந்து வந்துவிட்டாயே என்று கலங்குகிறான். அவளும் அப்போதுதான் சொல்கிறாள்: உங்கள் தாய் தந்தையர் முன்னால் என் துயரத்தை மறைத்துப் பொய்யாகச் சிரித்தேன் என்று. அந்தப் பேச்சு புகாரில் மாளிகைக்குள் நடக்கவில்லை. பொருளும் போய், ஊரும் போய், நாடு கடந்து வந்து, வழித்துணையாக வந்த துறவி கவுந்தியடிகளையும் பிரிந்த பிறகு, இருவராக இருக்கும்போது நடந்தது.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இருவர் போனால் இருவராகவே போங்கள். இதை வீட்டுச் செலவுப் பேச்சிலும் சொன்னேன், பிள்ளை வளர்ப்புப் பேச்சிலும் சொன்னேன்.

நாங்கள் முதன்முதலாக இருவராகப் போன இடம் எது தெரியுமா? புதுச்சேரி. கடலூரிலிருந்து புதுச்சேரி போவது ஒரு பயணமா என்று கேட்பீர்கள். பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாத ஊர்தான். 2003ஆம் ஆண்டு, அங்கே ஓர் உறவினர் வீட்டுத் திருமணம். முகூர்த்தம் காலை ஏழரைக்குள் முடிந்துவிட்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள், மாமியார் எங்கள் வீட்டில் இருந்தார். பந்தியில் சாப்பிட்டு எழுந்தவர், "கடற்கரை வரை நடக்கலாமா?" என்றார். கையில் தாம்பூலப் பையோடு நடந்தோம். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கற்றூண்களைப் பார்த்தோம். செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை என்று அவர் சொன்னார். 1836இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கத்தைப் பார்த்தோம். பிறகு கரையில் கொட்டியிருந்த பாறைமேல் உட்கார்ந்தோம்.

அங்கே ஒரு பழைய கப்பல் துறைப் பாலம் இருந்தது, 1952 புயலில் போய்விட்டது. அதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவர், சட்டென்று, "நான் கப்பல் வேலைக்குப் போக இருந்தவன்" என்றார். பதினெட்டு வயதில் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருக்கிறது. ஒரே பிள்ளை கடலுக்குப் போவதா என்று அவருடைய அப்பா கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டார். பத்தொன்பது ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்திருக்கிறேன், எனக்கு இது தெரியாது. மாலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குத் தனியாக நடந்துவிட்டு வருவார். அதை உடற்பயிற்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று எங்களுக்கு ஆன செலவு பஸ் டிக்கெட்டும் ஆளுக்கு ஓர் இளநீரும்.

இப்போது, நம் நாட்டுக்குள் போவதில் உள்ள சிரமங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். என் அண்ணன் மகளும் மருமகனும் ஒரு மலை ஊருக்குப் போயிருந்தார்கள். இரவு ஒன்பது மணி, நல்ல குளிர். லாட்ஜில் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, பெண்ணின் அட்டையில் அப்பா பெயரும் பழைய முகவரியும் இருக்கிறதே, கணவன் மனைவி என்பதற்குச் சான்று என்ன என்று கேட்டிருக்கிறார்கள். அவள் கைப்பேசியில் கல்யாணப் படத்தைத் தேடி எடுத்துக் காட்டியிருக்கிறாள். எனக்கு அதைக் கேட்டபோது நெஞ்சு கொதித்தது. கட்டிய கணவனோடு போகிற பெண் நம் மண்ணிலேயே கூசி நிற்க வேண்டுமா? தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும். அந்தச் சான்றிதழின் நகல் ஒன்று பையில் இருக்கட்டும்.

மே மாதத்தில் மலைக்குப் போகாதீர்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியில் போக 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. அரசுப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது தேவையில்லை. முடிந்தால் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் போங்கள். 46 கிலோமீட்டர்தான், ஏறுவதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். பல் சக்கரம் பிடித்து ஏறும் வண்டி, குன்னூர் வரை இன்ஜின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும். பஸ்ஸில் சீக்கிரம் போய்விடலாமே என்பார்கள். சீக்கிரம் போய் என்ன செய்யப் போகிறீர்கள்? அறையில் உட்கார்ந்து ஆளுக்கொரு கைப்பேசியைப் பார்ப்பதற்கா? அந்த ஐந்து மணி நேரம்தான் பயணம்.

மொழியையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் தெரிந்த ஒருவர் மட்டும் பேசுவார், மற்றவர் பின்னால் நடப்பார். நம் ஊரில் மீன் விலை பேசுவது மனைவி, வழி விசாரிப்பது கணவர். இருவருக்கும் வேலை இருக்கும், இருவரும் பேசுவார்கள். வெளிநாடே கூடாது என்று நான் சொல்லவில்லை. கையில் பணம் சேர்ந்த பிறகு போய் வாருங்கள், அதுவும் நாடு காண்பதுதான்.

ஆக, தங்கையே, உள்நாடா வெளிநாடா என்பதைவிட, வீட்டில் யாருக்கும் மனவருத்தம் இல்லாமல் இருவர் மட்டும் எப்படிப் புறப்படுவது என்று நீங்கள் என்னைக் கேட்டிருக்கலாம். அதற்குப் பதில் சொல்லத்தான் எனக்கு ஆசை. ஒரு வாரம் என்று தொடங்காதீர்கள். ஒரு பகல் என்று தொடங்குங்கள். பண்ருட்டியில் காலை ரயில் ஏறினால் அதே தடத்தில் சிதம்பரம். அங்கிருந்து பிச்சாவரம் ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர்தான். கார்த்திகை மழை ஓய்ந்து, மார்கழி, தை மாதங்களில் போனால் வெயில் வருத்தாது, பறவைகளும் வந்திருக்கும். மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகில் ஏறுங்கள். மோட்டார் படகு அகன்ற நீரிலேயே சுற்றிவிட்டு வந்துவிடும். துடுப்புப் படகுதான் குறுகிய கால்வாய்களுக்குள் நுழையும். உள்ளே போனால் சுரபுன்னை மரங்கள் இருபக்கமும் வேர்களை ஊன்றிக்கொண்டு, மேலே கிளை கோத்து நிற்கும். துடுப்புச் சத்தம் தவிர வேறு சத்தம் இருக்காது. தில்லை மரத்தைக் காட்டச் சொல்லுங்கள், சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது அந்த மரத்தால்தான். அதைத் தொட்டு ஒடித்துவிடாதீர்கள், அதன் பால் கண்ணில் படக் கூடாது. இந்தக் காடுதான் 2004 டிசம்பர் 26 அன்று, பின்னால் இருந்த ஊர்கள் சிலவற்றைச் சுனாமியின் முழு வேகம் தாக்காமல் காத்தது. இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம்.

குழந்தை? பாட்டியிடம் இருக்கட்டும். இங்கேதான் தயங்குவீர்கள் என்று தெரியும். அன்று புதுச்சேரியிலிருந்து நாங்கள் வீடு திரும்ப மாலை ஆறு மணி ஆகிவிட்டது. பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுப் படிக்க உட்கார வைத்திருந்தார் என் மாமியார். கல்யாண வீட்டில் நேரமாகிவிட்டது என்று பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நானும் உன் மாமனாரும் மாசி மகத்துக்கு ஊரோடு தேவனாம்பட்டினம் போயிருக்கிறோம். இருவராக ஒரு தடவைகூடப் போனதில்லை" என்றார்.

பண்ருட்டித் தங்கையின் மாமியார் அங்கே உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அம்மா, உங்களிடம்தான் கேட்கிறேன். தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை பேத்தியை வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் உங்களையும் கூப்பிடுவார்கள், மரியாதைக்குக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். நீங்கள் முழங்கால் வலிக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.