கூட்டில் தாயைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். விராலடிப்பான் (ஆங்கிலத்தில் ஆஸ்ப்ரே) என்ற மீன் பிடிக்கும் வேட்டைப் பறவை என்றதும் பலருக்கு நினைவில் வருவது, அது கால்களை நீட்டித் தண்ணீரில் பாய்ந்து மீனோடு எழும் காட்சிதான். ஆனால் ஏதாவது ஒரு சரணாலயத்தில் அதன் கூட்டைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், மீன் வரும் நேரத்துக்காக மட்டும் காத்திருக்காதீர்கள். தாய்ப்பறவையையே கவனியுங்கள். கூட்டில் நடப்பதெல்லாம் அவளிடம் தெரிந்துவிடும்.

பெண் ஆணைவிடச் சற்றுப் பெரியவள். மார்பில் உள்ள பழுப்புப் பட்டையும் பெரும்பாலும் அவளுக்குத்தான் அழுத்தமாக இருக்கும். வழக்கமாக மூன்று முட்டைகள். ஐந்து வாரத்துக்குச் சற்று மேல் அடைகாக்க வேண்டும். ஆணும் நடுநடுவே வந்து அமர்வான் என்றாலும் பெரும்பங்கு அவளுடையது. அந்த நாட்களில் குச்சிக் குவியலுக்கு மேல் ஒரு தலை மட்டும்தான் தெரியும். அந்தத் தலை சட்டென்று உயர்ந்து வானத்தில் எதையோ தொடர்ந்தால், நீங்களும் அந்தப் பக்கம் பாருங்கள். துணைவன் என்றால் தீனி கேட்டு விடாமல் கத்துவாள். வேற்றுப் பறவை என்றால் குரலே மாறிவிடும், இறக்கையை விரித்துக் கூட்டை மறைப்பாள்.

முட்டைகள் ஒரே நாளில் பொரிப்பதில்லை. அதனால் குஞ்சுகள் பெரிதும் சிறிதுமாக இருக்கும். ஆண் கொண்டுவரும் மீனில் பல சமயம் தலை இருக்காது, வழியிலேயே அவன் தின்றிருப்பான். மிச்சத்தைத் தாய் சின்னச் சின்னத் துணுக்காகக் கிழித்து ஊட்டுவாள். அவ்வளவு பெரிய வளைந்த அலகு அத்தனை மென்மையாக வேலை செய்வதைப் பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை. மீன் குறைந்தால் முதலில் அடிபடுவது கடைக்குட்டிதான். பார்க்க மனசு தாங்காது, ஆனாலும் அதையும் பார்க்கத்தான் வேண்டும்.

வெயில் ஏறினால் இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தருவாள், மழை வந்தால் போர்த்திக்கொள்வாள். நாம் நெருங்கிப் போய் அவளை எழுப்பிவிட்டால் இந்த இரண்டும் போச்சு. பார்வையாளர்கள் ஒளிந்திருந்து பார்க்கும் மறைவிடத்தைக் கூட்டிலிருந்து தள்ளி அமைப்பது இதனால்தான்.

பிரிட்டனில் முட்டை சேகரிப்பவர்களும் வேட்டைக்காரர்களும் இந்தப் பறவையை அழித்தே விட்டார்கள். 1954-இல் ஸ்காட்லாந்தின் லாக் கார்டன் ஏரிப் பக்கம் அது மீண்டும் கூடு கட்டியது. 1958-இல் முட்டைகளை யாரோ திருடிவிட்டார்கள். மறு வருஷம் பறவைப் பாதுகாப்புச் சங்கத்தார் இரவும் பகலும் காவல் போட்டார்கள், அதோடு பொதுமக்களையும் தூரத்திலிருந்து பார்க்க அனுமதித்தார்கள். அந்த ஒரு பருவத்திலேயே ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். துணிச்சலான முடிவு, சரியான முடிவும்கூட.

ஏழெட்டு வாரத்தில் குஞ்சுகள் பறந்துவிடும். கோடை முடியும்போது பெரும்பாலும் தாய்தான் முதலில் கிளம்புவாள். தந்தை இருந்து இன்னும் சில நாள் மீன் கொடுப்பான். அப்புறம் பிரிட்டனின் இளம் பறவைகள் வழிகாட்ட யாருமில்லாமல் மேற்கு ஆப்பிரிக்கா வரை போகும். அடுத்த வசந்தத்தில் அவை திரும்புவது அபூர்வம், பொதுவாக இரண்டு வயதாவது ஆக வேண்டும். ஆகவே கூட்டருகே புதிதாக ஒரு பறவையைக் கண்டால் அடையாளத்துக்காக ஆய்வாளர்கள் மாட்டிய எண் வளையம் காலில் இருக்கிறதா என்று பாருங்கள். எண் தெரிந்தால் குறித்து, சரணாலயக்காரர்களிடம் சொல்லிவிட்டு வாருங்கள். நன்றி, வணக்கம்.