ஃபோர் வீல் வண்டியின் கியர்பாக்ஸைக் கொல்வது மலையா, தார் ரோடா?

[திரையில்: சின்ன லிவரை இரண்டு கையாலும் பிடித்து இழுக்கும் காட்சி. லிவர் அசையவில்லை.]

முழு பலத்தையும் போட்டு இழுக்கிறேன், வரவில்லை. இத்தனைக்கும் வண்டி நிற்பது சேற்றிலோ பள்ளத்திலோ அல்ல, நன்றாகக் காய்ந்த தார் ரோட்டில். மணலில் இரண்டு மணி நேரம் உழுதபோது ஒரு முனகல்கூட விடாத வண்டி இது. ரோட்டுக்கு ஏறி நாலு திருப்பம் திரும்பியதும் ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. கீழே எங்கோ ‘ணங்’ என்று ஒரு சத்தம். டூ வீலுக்கு மாற்ற லிவரைத் தொட்டால், வெல்டு வைத்த மாதிரி நிற்கிறது.

வணக்கம் நண்பர்களே. “இந்த வண்டி கியர்பாக்ஸ் தாங்குமா, அந்த வண்டி கியர்பாக்ஸ் வீக்காமே” என்று கமெண்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் பெரும்பாலான கியர்பாக்ஸ் வீக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. வேறு எங்கோ நடக்கும் சண்டையில் நடுவில் மாட்டி அடி வாங்குகிறது. அந்தச் சண்டை எங்கே என்பதுதான் இன்றைக்கு.

அடிப்படையைப் பத்தே நொடியில் முடித்துவிடுகிறேன், தெரிந்தவர்கள் கொட்டாவி விட வேண்டாம். இன்ஜின், அதற்குப் பின்னால் கியர்பாக்ஸ், அதற்கும் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ். அங்கிருந்து முன்னால் ஒரு ஷாஃப்ட், பின்னால் ஒரு ஷாஃப்ட். பார்ட் டைம் வண்டியில், அதாவது தேவைப்படும்போது மட்டும் நாலு சக்கரத்துக்கும் மாற்றிக்கொள்ளும் வண்டியில், லிவரை ஃபோர் வீலில் போட்டால் இந்த இரண்டு ஷாஃப்டும் பூட்டிக்கொள்ளும். ஒன்று எத்தனை சுற்று சுற்றுகிறதோ, மற்றதும் அத்தனைதான் சுற்ற முடியும். முடிந்தது.

இப்போது ஒரு வளைவில் திரும்புவோம்.

[திரையில்: மேலிருந்து பார்க்கும் வண்டி, முன் ஆக்ஸிலின் பாதை சிவப்பில், பின் ஆக்ஸிலின் பாதை நீலத்தில்.]

திரும்பும்போது பின் ஆக்ஸில், அதாவது பின் சக்கரங்களின் அச்சு, உள்வட்டத்தில் போகும், முன் ஆக்ஸில் வெளிவட்டத்தில் போகும். முன்னுக்கும் பின்னுக்கும் இடைவெளி 2.7 மீட்டர் என்று வையுங்கள். பின் ஆக்ஸில் 5 மீட்டர் ஆரத்தில் ஒரு கால் வட்டம் திரும்புகிறது. கணக்குப் போட்டால் அது 7.85 மீட்டர் போகிறது, முன் ஆக்ஸில் 8.9 மீட்டர் போகிறது. ஒரே ஒரு திருப்பத்தில் 1 மீட்டருக்கு மேல் வித்தியாசம்! 2.2 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரத்துக்கு அது ஏறக்குறைய அரைச் சுற்று. டிஃபரன்ஷியல் விகிதம் 4 என்றால், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 4 சுற்று சுற்ற வேண்டும் என்றால், முன் ஷாஃப்ட் பின் ஷாஃப்டைவிட 2 சுற்று அதிகம் சுற்றியே ஆக வேண்டும். ஆனால் இரண்டையும் பூட்டி வைத்திருக்கிறோமே?

மணலில் பிரச்சினை இல்லை. டயர் கொஞ்சம் வழுக்கி அந்தக் கணக்கைத் தீர்த்துவிடும். காய்ந்த ரோட்டில் டயர் விட்டுக்கொடுக்காது. அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும், பல் சக்கரத்திலும், செயினிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும், ஈரத் துணியைப் பிழிந்து பிடித்திருப்பது போல. லிவர் வராததற்குக் காரணம் அதுதான்: பற்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கின்றன. நான் என்ன செய்தேன் தெரியுமா? ரிவர்ஸ் போட்டு, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, நாலைந்து மீட்டர் பின்னால் போனேன். ‘டக்’. லிவர் வெண்ணெயில் கத்தி மாதிரி வந்தது. சுத்தியல் எடுக்க நினைத்தவனுக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

இரண்டு ஷாஃப்டுக்கும் நடுவில் இன்னொரு டிஃபரன்ஷியல் வைத்துவிட்டால், இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்றலாம், இந்தத் தொல்லையே இல்லை. 1970இல் வந்த ரேஞ்ச் ரோவர் அப்படித்தான் எப்போதும் நாலு சக்கரத்திலும் ஓடியது. பார்ட் டைம் வண்டி வைத்திருப்பவர்கள், ரோடு காய்ந்திருந்தால் டூ வீலுக்கு வந்துவிடுங்கள்.

“நான் நேராகத்தான் போகிறேன், திரும்புவதே இல்லை” என்பவர்களுக்கு அடுத்த விஷயம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: அருகருகே இரண்டு டயர். ஒன்று புதுசு, ஒன்று தேய்ந்தது.]

முன்னால் இரண்டு டயர் தேய்ந்துவிட்டது, இரண்டு மட்டும் புதுசு வாங்கிப் போடுகிறீர்கள். எல்லோரும் செய்வதுதான். புது டயரில் பட்டனின் உயரம் 8 மிமீ, பின்னால் இருக்கும் பழைய டயரில் 3 மிமீ. வெறும் 5 மிமீதானே? விட்டத்தில் அது 10 மிமீ. சுற்றளவில் 31 மிமீ. இந்த டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 455 தடவை சுற்றும். 31ஐ 455ஆல் பெருக்குங்கள். 14 மீட்டர்! ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் முன்னும் பின்னும் 14 மீட்டர் கணக்கு உதைக்கிறது. ஷாஃப்டில் பார்த்தால் 26 சுற்று. 100 கிமீ பயணத்தில் 1.4 கிமீ. அதாவது உங்கள் வண்டியின் முன்பாதி வீட்டுக்கு வந்து சேரும்போது, பின்பாதி ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வேறு எங்கோ இருக்க வேண்டும். ஆனால் இரண்டும் ஒரே சேஸியில் இருக்கின்றன, பாவம்.

பார்ட் டைம் வண்டியை டூ வீலில் ஓட்டினால் இது வலிக்காது. எப்போதும் நாலு சக்கரத்துக்கும் சக்தி போகும் கார்களில்தான் வலி. அவற்றில் பலவற்றில் முன்னையும் பின்னையும் இணைப்பது ஒரு கிளட்ச் அடுக்கு, அல்லது சிலிகான் திரவம் நிரம்பிய விஸ்கஸ் கப்ளிங். வேக வித்தியாசம் கொஞ்ச நேரம் வந்தால் அதற்கு வேலை, ஓயாமல் வந்தால் அதற்கு ஜுரம். சூடாகிச் சூடாகி ஒரு நாள் இறுகிப்போகும். அப்புறம் “கியர்பாக்ஸ் போச்சு” என்று பெயர். போனது டயர் வாங்கியபோதே போய்விட்டது! நாலு டயருக்கும் நடுவே சுற்றளவு வித்தியாசம் கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பது சுபாரு சொல்லும் கணக்கு. கால் அங்குலம் என்றால் 6 மிமீ சொச்சம். நாம் போட்டது 31.

இப்போதே வீடியோவை நிறுத்திவிட்டுப் போய் நாலு டயரிலும் பட்டன் ஆழத்தை அளந்து, கமெண்டில் எழுதுங்கள். பஞ்சர் ஆனபோது மாட்டிய ஸ்டெப்னியைக் கழற்றாமலே மாதக்கணக்கில் ஓட்டும் மகான்கள் கண்டிப்பாக எழுதுங்கள்.

அடுத்து, லோ ரேஞ்ச்: வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கூடுதல் கியர். சாதாரண ஓட்டத்துக்கு இருப்பது ஹை ரேஞ்ச். “லோவில் போட்டால் இழுவை ரொம்ப அதிகம், கியர்பாக்ஸ் உடைந்துவிடும்” என்று ஒரு பயம் சுற்றிக்கொண்டிருக்கிறது. உண்மை தலைகீழ். லோ ரேஞ்சின் பல் சக்கரங்கள் இருப்பது டிரான்ஸ்ஃபர் கேஸில், அதாவது கியர்பாக்ஸுக்குப் பின்னால். இழுவை பெருகுவது கியர்பாக்ஸைத் தாண்டிய பிறகுதான். ஒரு மேட்டில் ஏற ஆக்ஸிலில் 4,000 நியூட்டன் மீட்டர் வேண்டும் என்று வையுங்கள். முதல் கியர் 4, டிஃபரன்ஷியல் 4. ஹை ரேஞ்சில் இன்ஜின் 250 கொடுக்க வேண்டும். லோ 2.5 என்றால் 100 போதும். கியர்பாக்ஸ் வழியாகப் போகும் சுமை பாதிக்கும் கீழே. ஜீப் ராங்ளர் ரூபிகானில் லோ விகிதம் 4, அங்கே இன்னும் குறைவு. அந்தச் சுமையைச் சுமப்பது பின்னால் இருக்கும் ஷாஃப்டும் ஆக்ஸிலும்.

ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மேட்டில் ஹை ரேஞ்சில் ஊர்ந்தால், கிளட்சுக்குப் பதிலாக இருக்கும் டார்க் கன்வெர்டர் உள்ளே வழுக்கிக்கொண்டே இருக்கும். அந்த வழுக்கல் அத்தனையும் ஆயிலில் சூடாகச் சேரும். மேனுவலில் அதே தப்பைச் செய்தால் கிளட்ச் கருகி வாடை வரும், ஆட்டோமேட்டிக்கில் வாடை வருவதற்குள் காரியம் கெட்டுவிடும். மேனுவலா ஆட்டோவா என்ற உலக யுத்தத்துக்கு நான் வரவில்லை.

ஆயில் என்றதும் ஞாபகம் வருகிறது: “இந்த கியர்பாக்ஸுக்கு லைஃப் டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்.” யாருடைய லைஃப்? எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கைப் பல கம்பெனிகளுக்குச் செய்துகொடுக்கும் இசட்எஃப், தன் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிமீக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவன் மாற்று என்கிறான், வண்டியை விற்பவன் வேண்டாம் என்கிறான். நான் செய்தவன் பக்கம்.

மேனுவலில் இன்னொரு பொறி. ஜிஎல்-4 தர கியர் ஆயில் கேட்கும் பெட்டியில், “நம்பர் பெரிசு, அதனால் நல்லது” என்று ஜிஎல்-5 ஊற்றுவது. ஜிஎல்-5 ஆக்ஸில் டிஃபரன்ஷியலுக்குப் பிரமாதம். ஆனால் கியர் மாற்றும்போது சிங்க்ரோனைசரின் பித்தளை வளையம் உராய்ந்து வேகத்தைச் சமன் செய்ய வேண்டும். அதிகம் வழுக்கும் ஆயிலில் அதற்குப் பிடிப்பு கிடைக்காது, கியர் ‘கர்ர்’ என்னும். வண்டியின் கையேடு எதைச் சொல்கிறதோ அதை ஊற்றுங்கள்.

தண்ணீர். இதைச் சுருக்கமாக: ஓடிச் சூடான பெட்டி திடீரென்று குளிர்ந்த ஆற்றுக்குள் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும், வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சும். பெட்டிக்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாயின் வாய் தண்ணீருக்குள் இருந்தால் அது உறிஞ்சுவது தண்ணீரைத்தான். குழாயை உயரத்துக்கு இழுத்துக் கட்டுவது அரை நாள் வேலை. ஆழமாக இறங்கி ஏறினீர்களா? ஆயிலைப் பாருங்கள். பால் கலந்தது போல வெளுத்திருந்தால் அதோடு ஓட்ட வேண்டாம்.

[திரையில்: டிரெய்ன் பிளக், மிக நெருக்கத்தில்.]

சென்ற மாதம் என் வண்டியில் ஆயிலை இறக்கியபோது மெக்கானிக் அண்ணன், ஆயில் இறக்கும் ஓட்டையை மூடும் டிரெய்ன் பிளக்கைத் துடைக்காமல் அப்படியே என்னிடம் நீட்டினார். முனையில் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மசி, கண் மை மாதிரி. எனக்கு வயிற்றைக் கலக்கியது. “இதுக்குப் பயப்படாதீங்க தம்பி, இது சாதாரணத் தேய்மானம். விரல்ல தேய்ச்சுப் பாருங்க, குத்தினாத்தான் சொல்லணும்” என்றார். தேய்த்தேன், மாவு போல நழுவியது. குத்தினால் எஃகுச் சில்லு, ஏதோ ஒரு பல்லோ பேரிங்கோ உதிர ஆரம்பித்திருக்கிறது. அப்புறம் ஆயில் டிரேயை வெளிச்சத்தில் சாய்த்தார். காந்தத்தில் ஒட்டாத தங்க நிற மினுமினுப்பு மிதந்தது, ரொம்பக் கொஞ்சம். பித்தளை. “ரெண்டாவது கியரை அவசரமா இறக்குவீங்களோ?” என்று கேட்டார்.

இறக்குவேன். அவர் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை.